கண்ணாடி போட்ட பிட்புல்!

2004-ம் வருஷம் ஜூன் 30 ராத்திரி. கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டி ஜூலை பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. தெருவே தூங்கிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டு ஹாலில் மட்டும் டி.வி. வெளிச்சம். ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து செமி ஃபைனல். லிஸ்பனில் போர்ச்சுகலும் ஹாலந்தும் மோதல். எங்கள் ஹாலில் ரசிகர் கூட்டம் மொத்தம் இரண்டே பேர். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், தூக்கம் வராத என் பெரியப்பா.

பெரியப்பாவுக்குக் கால்பந்தில் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. பந்து வலைக்குள் போனால் கோல். மற்றதெல்லாம் அவருக்கு மாயை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

''ஏண்டா, அந்தச் சடை முடிக்காரனைப் பாரு. நீச்சல்குளத்துல குளிச்சிட்டிருந்தவன் நேரா கிரவுண்டுக்கு வந்துட்டானா? கண்ணாடியைக் கழட்ட மறந்துட்டான் போலிருக்கே!''

''அவன் பேர் டேவிட்ஸ், பெரியப்பா. ஸ்டைலுக்காகப் போட்டுக்கறான்'' என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. அப்போது கம்ப்யூட்டரில் ஆடும் 'ஃபிஃபா 2003' கேமின் அட்டையில் அந்தக் கண்ணாடி முகத்தைப் பார்த்திருந்தேன். அந்த ஒரு தகுதி போதாதா?

நான் சொன்னது தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிய எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் அந்தத் தப்பு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் டேவிட்ஸ்.

* * *

எட்கர் டேவிட்ஸ் பிறந்தது ஹாலந்தில் அல்ல. தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சூரினாம் என்ற குட்டி நாட்டின் தலைநகர் பாராமாரிபோவில், 1973 மார்ச் 13 அன்று. அப்போது அது டச்சு ராஜ்யத்தின் ஒரு பகுதி. 1975 நவம்பரில்தான் சுதந்திரம் கிடைத்தது. அந்தக் காலகட்டத்தில் ஆயிரக்கணக்கான சூரினாம் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு ஹாலந்துக்குக் கப்பலும் விமானமும் ஏறின. குழந்தை எட்கரின் குடும்பமும் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தது.

டச்சுக் கால்பந்து இந்தக் குடும்பங்களுக்குப் பட்டிருக்கும் கடன் கொஞ்சநஞ்சமல்ல. ரூட் குல்லிட், ஃபிராங்க் ரைக்கார்ட் ஆகியோரின் அப்பாக்கள் சூரினாம்காரர்கள். கிளாரன்ஸ் ஸீடார்ஃப் பிறந்ததும் அதே பாராமாரிபோவில்தான்.

பையன் வளர்ந்தது ஆம்ஸ்டர்டாமின் வடக்குப் பகுதியில். ஆட்டம் கற்றது தெருவில். சிமென்ட் தரையில் ஆடுகிறவனுக்கு இரண்டு விஷயம் தானாக வரும். ஒன்று, பந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு, கீழே விழுந்தால் முட்டி பெயரும் என்பதால் விழாமலிருக்கக் கற்றுக்கொள்வான். பன்னிரண்டு வயதில் பையனை அயாக்ஸ் கிளப் கொத்திக்கொண்டு போயிற்று. 1991-ல், பதினெட்டு வயதில், பெரியவர்கள் டீமில் இடம்.

இங்கே ஒரு நிமிஷம். மிட்ஃபீல்டர் என்றால் யார்?

கல்யாண வீட்டில் ஒரு மாமா இருப்பார், கவனித்திருக்கிறீர்களா? பந்தியில் சாம்பார் தீர்ந்தால் ஓடுவார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி வரவில்லை என்றால் ஓடுவார். நாதஸ்வரக்காரருக்குப் பணம், ஐயருக்குத் தேங்காய், வாசலில் சண்டை போடும் டிரைவருக்குச் சமாதானம்... எல்லாம் அவர்தான். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு போட்டோவில் கூட அவர் இருக்க மாட்டார். அந்த மாமாதான் மிட்ஃபீல்டர். கோல் போடுகிறவர் மாப்பிள்ளை. கோல்கீப்பர், பெண்ணின் அப்பா. எது தப்பாகப் போனாலும் பழி அவர் மேல். நடுவில் மூச்சு வாங்க ஓடுகிற ஆளை யார் பார்க்கிறார்கள்?

டேவிட்ஸ் அந்த மாமா வேலையை வெறி பிடித்தவர் மாதிரி செய்தார். ஆள் உயரமில்லை. ஆனால், எதிராளியின் காலிலிருக்கும் பந்தைப் பறிக்காமல் விட மாட்டார். அயாக்ஸின் கோச் லூயி வான் கால் அவருக்கு வைத்த பெயர்: 'பிட்புல்'. கவ்வினால் விடாத அந்த வேட்டை நாய் ஜாதி! இத்தாலிய கோச் மார்செல்லோ லிப்பி பிற்பாடு வைத்த பெயர் இன்னும் பொருத்தம்: 'ஒற்றை ஆள் இன்ஜின் ரூம்.'

1995 மே 24. வியன்னா. ஐரோப்பாவின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். மிலானை அயாக்ஸ் 1-0 என்று சாய்த்தது. கோல் போட்டவர் பேட்ரிக் க்ளைவெர்ட் என்ற பதினெட்டு வயதுப் பையன். நடுவில் இன்ஜின் ஓட்டியவர் இருபத்திரண்டு வயது டேவிட்ஸ். இதற்குள் கையில் ஏற்கெனவே ஒரு யு.இ.எஃப்.ஏ. கோப்பை (1992). அடுத்த வருஷம் வரை வரிசையாக மூன்று முறை டச்சு லீக் பட்டமும் வந்தது.

இப்படிச் சின்ன வயதில் எல்லாம் கிடைத்தால் என்ன ஆகும்? சனி பகவான் ஸ்டாண்டில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பார்.

* * *

1996 மே 22. ரோம். மறுபடி சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். எதிரே யுவென்டஸ். ஆட்டம் 1-1. பெனால்டி ஷூட்-அவுட். அயாக்ஸுக்காக முதல் பந்தை உதைக்கப் போனவர் டேவிட்ஸ். இத்தாலிய கோல்கீப்பர் பெருஸ்ஸி தடுத்துவிட்டார். கோப்பை போயிற்று.

மூன்றே வாரத்தில் இரண்டாவது அடி. இங்கிலாந்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பை. டச்சு டீமுக்குள் ஏற்கெனவே புகைச்சல். அயாக்ஸ் கிளப்பில் வெள்ளைக்கார சீனியர்களைவிடத் தங்களுக்குச் சம்பளம் மட்டம் என்று கறுப்பின இளைஞர்களுக்கு மனத்தாங்கல் என்று அப்போது பெரிய பேச்சு. டேவிட்ஸ் வாயைத் திறந்தார். கோச் கூஸ் ஹிடிங்க் சில ஆட்டக்காரர்கள் சொல்வதை மட்டும் கேட்கிறார் என்பதுதான் விஷயம். ஆனால், கோச் தன் தலையை அவர்களின் உடம்பில் எந்த இடத்துக்குள் நுழைத்துக்கொண்டிருக்கிறார் என்று டேவிட்ஸ் சொன்னதை, குடும்பப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. ஹிடிங்க் அடுத்த ஃப்ளைட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அந்த வருஷமே மிலானுக்குப் போனார். அங்கே காலை உடைத்துக்கொண்டார். டீமிலும் ஒட்டவில்லை. 'கூடையில் அழுகின ஆப்பிள்' என்று கூட ஆடினவரே சொன்னதாகப் பேச்சு. இருபத்து நாலு வயதில் 'இவன் கதை முடிஞ்சுது' என்று எழுதிவிட்டார்கள்.

1997 டிசம்பரில் அவரை வாங்கியது யார் தெரியுமா? அதே யுவென்டஸ்! எந்த டீமுக்கு எதிராகப் பெனால்டியைக் கோட்டை விட்டாரோ, அதே டீம். அந்த சீசனிலேயே இத்தாலிய லீக் பட்டம். சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்கும் போனார்கள். ஃபைனல் நடந்த ஊர், டேவிட்ஸ் தெருத் தெருவாகப் பந்து உதைத்த ஆம்ஸ்டர்டாம். சொந்த ஊரில், அடுத்த ஊர் சட்டை போட்டு, ரியல் மாட்ரிட்டிடம் 1-0 தோல்வி.

ஒரு மாதம் கழித்து ஃபிரான்ஸில் 1998 உலகக் கோப்பை. டச்சு கோச் அதே ஹிடிங்க். டீம் லிஸ்டில் டேவிட்ஸ் பெயர். ஆச்சரியமாக இல்லை? அப்படித் திட்டினவனை மறுபடி கூப்பிட ஒரு மனசு வேண்டும். போய் ஆடுவதற்கும் ஒரு மனசு வேண்டும். இரண்டு பேருக்கும் இருந்தது.

ஜூன் 29. துலூஸ் நகரம். யூகோஸ்லாவியாவோடு நாக்-அவுட் ஆட்டம். 1-1. தொண்ணூறு நிமிஷம் தாண்டி, ரெஃப்ரி விசிலை வாய்க்குக் கொண்டுபோகிற நேரம். பெனால்டி பாக்ஸுக்கு வெளியே டேவிட்ஸிடம் பந்து. இடது காலால் ஓர் உதை. கூட்டத்துக்குள் புகுந்து வலைக்குள் போய் விழுந்தது. வீட்டுக்குத் துரத்திய கோச்சைக் காலிறுதிக்குக் கொண்டுபோனது, துரத்தப்பட்டவன் போட்ட கோல். சினிமாவில் வைத்தால் 'ஓவர் ஸார்' என்போம்.

செமி ஃபைனலில் பிரேசிலிடம் பெனால்டியில் தோற்றார்கள். ஆனாலும் அந்த உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் டேவிட்ஸுக்கு இடம் கிடைத்தது.

* * *

இந்த இடத்தில்தான் கண்ணாடி வருகிறது.

1999-ல் வலது கண்ணில் கிளாக்கோமா என்று கண்டுபிடித்தார்கள். வயசு இருபத்தாறு.

கிளாக்கோமாவை நம் ஊர் டாக்டர்கள் 'கண் நீர் அழுத்த நோய்' என்பார்கள். வாஷ்பேசின் உதாரணம்தான் சுலபம். கண்ணுக்குள் ஒரு திரவம் எப்போதும் சுரந்துகொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. குழாய் திறந்திருக்கும்போதே வடிகால் அடைத்துக்கொண்டால்? வாஷ்பேசினாக இருந்தால் தரையில் வழியும். கண்ணில் வழிய இடமில்லை. அழுத்தம் ஏறும். சாதாரணமாக 10-லிருந்து 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் அதைத் தாண்டும்போது, பின்னாலிருக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். பெரும்பாலும் நாற்பதுக்கு மேல் வருகிற வியாதி. கண்ணில் அடிபட்டால் இளவயதிலும் வரும். பெரும்பாலான பேருக்கு வலியே இருக்காது. அதனால்தான் இதற்கு 'சத்தமில்லாத பார்வைத் திருடன்' என்று பெயர். போன பார்வை போனதுதான். இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தத் திருடன் நடு ஹாலுக்கு முதலில் வர மாட்டான். ஓரங்களிலிருந்து ஆரம்பிப்பான். நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் இருப்பது மறையும்.

கோல் போடுகிறவனுக்கு எதிரே இருக்கும் வலை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மிட்ஃபீல்டருக்கு? நாலா பக்கமும் எதிராளிகள். பின்னாலிருந்து ஒருத்தன் காலை நீட்டுவான். வலப் பக்கம் சொந்த ஆள் பந்து கேட்டு ஓடுவான். பக்கவாட்டுப் பார்வைதான் மிட்ஃபீல்டரின் மூலதனம். திருடன் கை வைக்கப் பார்த்தது சரியாக அந்தப் பெட்டியில்.

ஆபரேஷன் ஆயிற்று. அப்புறம்? கால்பந்து மைதானம் கோயில் பிராகாரம் இல்லை. முழங்கை மூஞ்சியில் இடிக்கும். பந்து முகத்தில் வந்து அறையும். ஆபரேஷன் ஆன கண்ணில் ஒரு அடி பட்டால் அதோடு சரி. வேறு யாராவது என்றால் 'இன்ஷூரன்ஸ் பணம் வாங்கிக்கொண்டு கோச் வேலை பார்க்கலாம்' என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

டேவிட்ஸ் பட்டை வைத்த பாதுகாப்புக் கண்ணாடியைத் தலையைச் சுற்றி மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். 1999 செப்டம்பர் 4. பெல்ஜியத்தோடு ஒரு நட்பு ஆட்டம். முடிவு 5-5! அத்தனை கோலுக்கு நடுவிலும் ஜனங்கள் பார்த்தது அந்தக் கண்ணாடியைத்தான்.

ஆட்டத்தை மாற்றிக்கொண்டாரா? அதுதான் இல்லை. கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கி ஆடவில்லை. அதே பாய்ச்சல், அதே பிடுங்கல். 2000-ல் ஹாலந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்திய ஐரோப்பியக் கோப்பையில் மறுபடி சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் பெயர். (அதிலும் செமி ஃபைனல் தோல்வி. ஆம்ஸ்டர்டாமில், பத்தே பேரோடு ஆடிய இத்தாலிக்கு எதிராக ஆட்ட நேரத்திலேயே இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு, கடைசி ஷூட்-அவுட்டிலும் 3-1 என்று தோற்றது ஹாலந்து. டச்சுக்காரர்களுக்குப் பெனால்டி என்றால் நமக்குப் பரீட்சை ரிசல்ட் மாதிரி.)

உலகம் முழுக்கப் பையன்கள் அந்தக் கண்ணாடியைக் கேட்டு அடம்பிடித்தார்கள். நோயாளியின் அடையாளம் ஹீரோவின் அடையாளமாகிவிட்டது. 'ஸ்டைலுக்காக' என்று நான் பெரியப்பாவிடம் சொன்னேனே, அந்த அளவுக்கு!

* * *

இத்தோடு முடித்தால் நல்ல நீதிக்கதை. ஆனால் மனுஷர்கள் நீதிக்கதை போல இருப்பதில்லை.

2001-ல் நான்ட்ரோலோன் என்ற தடை செய்யப்பட்ட ஊக்க மருந்து டெஸ்ட்டில் அவர் பெயர் வந்தது. சில மாதத் தடை. அதே காலத்தில் அவருடைய டச்சு சகாக்கள் ஃபிராங்க் டி போர், யாப் ஸ்டாம் ஆகியோரும் அதே மருந்தில் மாட்டினார்கள்.

தடை முடிந்து வந்து, 2002, 2003 இரண்டு வருஷமும் யுவென்டஸோடு இத்தாலியப் பட்டம். 2003 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மிலானிடம் தோல்வி. எப்படி? கேட்கவே வேண்டாம். பெனால்டி.

2004 ஜனவரியில் பார்சிலோனா. அப்போது அந்த டீம் ஸ்பானிஷ் லீக்கில் ஏழாவது இடத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. கோச், 1995-ல் அயாக்ஸில் கூட ஆடிய ஃபிராங்க் ரைக்கார்ட். ஆறு மாத இரவல் ஆள் என்றுதான் டேவிட்ஸைக் கூப்பிட்டார். சீசன் முடிவில் பார்சிலோனா இரண்டாவது இடம்! நட்சத்திரம் ரொனால்டினோ. ஆனால் இன்ஜினில் ஆயில் ஊற்றியது யார் என்று கால்பந்து தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

அப்புறம் இன்டர் மிலான், லண்டனில் டாட்டன்ஹாம், மறுபடி தாய்வீடான அயாக்ஸ். 2007-ல் அயாக்ஸ் டச்சுக் கோப்பையை வென்றது. பெனால்டி ஷூட்-அவுட்டில்! கடவுள் எப்போதாவது பாக்கியைத் தீர்க்கத்தான் செய்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்தது. 2012 அக்டோபர். வயது முப்பத்தொன்பது. வடக்கு லண்டனில் பார்னெட் என்று ஒரு குட்டி கிளப். இங்கிலாந்தின் நாலாவது டிவிஷனில் கடைசி இடம். அவர்களின் அண்டர்ஹில் மைதானமே ஒரு பக்கம் சரிவாக இருக்கும். அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டம் கூட ஜெயிக்கவில்லை. அங்கே போய், ஆட்டக்காரர் கம் கோச் ஆனார். சாம்பியன்ஸ் லீக் மெடல் வாங்கியவர்! இறங்கிய முதல் ஆட்டத்தில் நார்த்தாம்ப்டனை 4-1 என்று அடித்தார்கள்.

'ஆஹா, காப்பாற்றிவிட்டார்' என்று நினைக்கிறீர்களா? இல்லை. கடைசி நாள் ஆட்டத்தில் அதே நார்த்தாம்ப்டனிடம் தோற்று, வெறும் கோல் வித்தியாசத்தில் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது பார்னெட். ஓடிப்போகவில்லை. இறங்கின டீமோடு தானும் இறங்கினார். அடுத்த சீசனில், கோல்கீப்பருக்கு மட்டுமே உரியதென்று எல்லோரும் நினைக்கும் 1-ம் நம்பர் சட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். எட்டு ஆட்டத்தில் மூன்று சிவப்பு அட்டை! நாற்பது வயதிலும் பிட்புல் பிட்புல்தான். 2014 ஜனவரியில் அந்த வேலையையும் விட்டார்.

நான் பி.காம். எதையும் வரவு செலவாகப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. டேவிட்ஸ் கணக்கு இது. வரவு: சாம்பியன்ஸ் லீக் 1, யு.இ.எஃப்.ஏ. கோப்பை 1, டச்சு லீக் 3, இத்தாலிய லீக் 3, நாட்டுக்காக 74 ஆட்டம். செலவு: சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் தோல்வி 3, ஹாலந்துக்காக செமி ஃபைனல் தோல்வி 3 (1998, 2000, 2004), ஒரு தடை, ஒரு வலது கண்ணின் நிம்மதி. சிவப்பு அட்டைகள் தனி.

லாபமா நஷ்டமா என்று எந்த ஆடிட்டரும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. கணக்கில் எதையும் மறைக்கவில்லை. கோபத்தையும் மறைக்கவில்லை, வியாதியையும் மறைக்கவில்லை. முகத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு ஊர் முன்னால் ஆடினார்.

2022-ல் கத்தார் உலகக் கோப்பை. ஹாலந்து கோச், 'பிட்புல்' என்று பெயர் வைத்த அதே வான் கால். வயது எழுபத்தொன்று. புராஸ்டேட் புற்றுநோய்க்கு, ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் ராத்திரியில் ஆஸ்பத்திரி போய் சிகிச்சை எடுத்தவர் என்பது அந்த ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அவருக்குப் பக்கத்தில் உதவி கோச்சாக ஒருவர் நின்றார். டேவிட்ஸ்! கால் இறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றார்கள். எப்படித் தோற்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

* * *

பெரியப்பாவுக்கு வருகிறேன்.

2011 வாக்கில் அவர் அடிக்கடி கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். வலப் பக்கம் நிற்கிற ஆள் கூப்பிட்டால் திடுக்கிடுவார். 'வயசாச்சு' என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் கண்ணாடி பவர் மாற்றப் போன இடத்தில் டாக்டர் கண் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, ''இத்தனை நாள் எங்கே ஸார் இருந்தீங்க?'' என்றார். கிளாக்கோமா. வலது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அதிர்ச்சி அதுவல்ல. மூன்று வருஷம் முன்பே வேறொரு டாக்டர் கண்டுபிடித்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். பெரியப்பா இரண்டு பாட்டில் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். வீட்டில் யாருக்கும் மூச்சு விடவில்லை. ''வலிக்கலையேடா, அப்புறம் எதுக்கு மருந்து? சொன்னா நீங்க எல்லாரும் என்னைக் கண்ணு தெரியாதவன் மாதிரி நடத்துவீங்க'' என்றார்.

அந்த வாரம்தான் 'ஸ்டைல் கண்ணாடி'யின் நிஜக் கதையைத் தேடிப் படித்தேன். பெரியப்பாவிடம் போய் உட்கார்ந்து முழுசாகச் சொன்னேன். வெகு நேரம் பேசவில்லை.

''அவன் எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டிண்டு ஓடியிருக்கான். நான் சட்டைப்பைக்குள்ள ஒளிச்சு வெச்சேன்'' என்றார்.

ஒவ்வொரு மார்ச் மாதமும் உலக கிளாக்கோமா வாரம் என்று ஒன்று வருகிறது. டேவிட்ஸ் பிறந்ததும் மார்ச்சில்தான். நாற்பது தாண்டினவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இது இருக்கிறவர்கள், வலிக்கிறதா என்று காத்திருக்காமல் போய் ஒரு முறை அழுத்தம் பார்த்துவிடுங்கள். சில நிமிஷ வேலை.

பெரியப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் அடிக்கும். மருந்து விடுவது என் டியூட்டி. மிச்சமிருக்கும் பார்வை அப்படியே நிற்கிறது. போன வாரம் சொட்டு விட்டதும் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

''எனக்கும் அந்தப் பையன் மாதிரி ஒரு கண்ணாடி வாங்கிக் குடுடா. கதவு நிலை என் மேல இடிக்கப் பயப்படட்டும்!''